எங்கள் வீட்டு மூக்கு

இரண்டு மாதமாக எங்கள் வீட்டு கேஸ் ரெகுலேட்டர் என்னோடு வேலைக்கு வந்து போய்க்கொண்டிருந்தது. காலையில் டீ போட்டு, நான்கு முட்டையை அவித்து, மதியத்துக்கு எதையோ வேகவைத்து முடித்ததும், சிலிண்டரின் தலையிலிருந்து ரெகுலேட்டரைக் கழற்றி டூல் பையில் போட்டுக்கொண்டு கிளம்புவேன். மாலையில் வந்து திரும்ப மாட்டுவேன். டெஸ்டருக்கும் கட்டிங் பிளேயருக்கும் நடுவில் அது கிடப்பதைப் பார்த்து, வேலை செய்யும் இடத்தில் ஒருவர், "எல்லாரும் வீட்டைப் பூட்டி சாவியை எடுத்துட்டு வருவாங்க, நீ அடுப்பைப் பூட்டி எடுத்துட்டு வர்றியே" என்றார்.

விஷயம் இதுதான். எனக்கும் என் மனைவிக்கும் ஒரே வாரத்தில் காய்ச்சல் வந்தது. எனக்கு ஐந்தாம் நாள் விட்டது. அவளுக்கு ஏழாம் நாள் விட்டது, ஆனால் போகும்போது அவளுடைய மூக்கையும் கையோடு கொண்டுபோய்விட்டது. எதை முகர்ந்தாலும் ஒன்றும் தெரியவில்லை. டாக்டர் "வரும், வராமலும் போகலாம்" என்று ஒரு பதில் சொன்னார். அதைச் சொல்ல அவர் அத்தனை வருடம் படித்திருக்க வேண்டாம்.

அவள் கேக் செய்கிறவள். வீட்டிலேயே கேஸ் ஓவன் வைத்து, பிறந்தநாளுக்கும் கல்யாண நாளுக்கும் செய்து கொடுப்பாள். காய்ச்சல் விட்ட இரண்டாவது வாரம் பால் பொங்கி அடுப்பு அணைந்திருக்கிறது, இவள் அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் வேலை முடிந்து வந்தேன். அடுப்பின் குமிழ் முழுக்கத் திறந்திருந்தது, தீ இல்லை. ஓடிப்போய் மூடினேன். கதவைத் திறந்ததுமே குப்பென்று மூக்கில் அடித்தது என்று எல்லோரிடமும் சொன்னேன். என் மச்சினியிடம் சொன்னேன், அவள் கணவரிடம் சொன்னேன், எதிர் வீட்டில் இருக்கும் பஸ் டிரைவரிடம் இரண்டு தரம் சொன்னேன்.

சொன்னால் எல்லோரும் நம்புவார்கள், ஏனென்றால் என் எலக்ட்ரீஷியன் தொழிலில் எனக்கு மோப்பம் என்று பெயர். எட்டு மாடிக் கட்டடத்தில் எந்த மாடியில் வயர் கருகுகிறது என்று படிக்கட்டு ஏறும்போதே சொல்லிவிடுவேன். மற்றவர்கள் மீட்டரை எடுப்பதற்குள் நான் சரியான சுவிட்ச் போர்டைத் திறந்திருப்பேன். அதனால் அன்றே ஒரு சட்டம் போட்டேன். இந்த வீட்டில் இனி ஒரு மூக்குதான். அந்த மூக்கு வீட்டில் இருக்கும்போது மட்டும்தான் அடுப்பு எரியும். மூக்கில்லாதவர்கள் அடுப்புப் பக்கம் போகக் கூடாது.

அவள் முதல் வாரம் அழுதாள், இரண்டாவது வாரம் சண்டை போட்டாள், அப்புறம் பேச்சைக் குறைத்துவிட்டாள். போன திங்கட்கிழமை ஒரு பார்சல் வந்தது. பிரித்து மேஜைமேல் பரப்பினாள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய நீல போர்டு, கேஸ் இருக்கிறதா என்று பார்க்கும் சென்சார் இரண்டு, இரண்டு வரி எழுத்து காட்டும் ஒரு டிஸ்ப்ளே, பீப் என்று கத்தும் ஒரு பஸ்ஸர், ஒரு கொத்து கலர் வயர்.

"உங்க மூக்குக்குப் பதிலா ஒரு மூக்கு வாங்கிட்டேன். மாட்டிக் கொடுங்க" என்றாள்.

"இவ்வளவுதானா? ஒரு டீ குடிக்கிற நேரம் வேலை. இது அஞ்சு வோல்ட். நான் நானூத்தி நாப்பதோட குடும்பம் நடத்துறவன்."

"சந்தோஷம். சனிக்கிழமை தங்கச்சி மகளுக்குப் பிறந்தநாள். பெரியம்மா கேக்தான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்குது. வெள்ளிக்கிழமை சாயந்திரத்துக்குள்ள இது ஓடணும். ஓடலேன்னா நான் தங்கச்சி வீட்டுக்குப் போயிடறேன்."

"கேக் பண்ணிட்டு வந்துடு."

"வர மாட்டேன். அந்த வீட்டு அடுப்புக்குப் பூட்டு இல்ல. அங்கேயே இருந்துக்கறேன்."

சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். அவள் துணிப்பையை அலமாரியிலிருந்து இறக்கி கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் அந்தப் பை இப்படி வெளியே வந்ததில்லை.

அன்றைக்கே உட்கார்ந்தேன். டிஸ்ப்ளேயின் கம்பிகள் தனியாக வந்திருந்தன, அவற்றை சாலிடர் வைத்துப் பிடிக்க வேண்டும். வைத்தேன். புகை வந்தது, வாசனை இல்லை. இப்போது வரும் ஈயத்தில் ஒரு சரக்கும் இல்லை, எல்லாம் கலப்படம் என்று திட்டிக்கொண்டே முடித்தேன். போர்டில் நான்கு வயரைச் செருகி, பேப்பரில் கொடுத்திருந்த புரோகிராமை லேப்டாப் வழியாகப் போர்டில் ஏற்றினேன். டிஸ்ப்ளே பளிச்சென்று எரிந்தது. எழுத்து ஒன்றுகூட வரவில்லை.

வயரைக் கழற்றிச் செருகினேன். ஒன்றைச் செருகினால் பக்கத்து வயர் கழன்றுகொண்டது. அதைப் பிடித்தால் இது போனது. இருபத்தைந்து வருடமாக ஸ்க்ரூ போட்டு முடுக்கிய கைக்கு இந்தச் செருகுகிற சமாச்சாரம் ஒத்தே வரவில்லை. புரோகிராமை அழித்து ஏற்றினேன். வேறு வயர் போட்டேன். டிஸ்ப்ளே வெறும் வெளிச்சத்தை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து முழித்தது. இரண்டு மணி நேரம். கடைசியில் அதைத் தூக்கி ஜன்னல் வழியாகப் போடுவதற்குக் கை ஓங்கிவிட்டேன்.

"பின்னாடி ஒரு சின்ன திருகு இருக்காம்" என்றாள். பார்சலோடு வந்த பேப்பரை அவள் நிதானமாகப் படித்துக்கொண்டிருந்தாள். "அதைத் திருப்பினாத்தான் எழுத்து கறுப்பா தெரியுமாம். படம் போட்டிருக்கு."

திருப்பினேன். எழுத்து அங்கேயேதான் இருந்தது, இத்தனை நேரமும். வெளிறிப்போய் கண்ணுக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது.

"முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"முன்னாடியே சொன்னேன். 'குறுக்க பேசாதே'ன்னீங்க."

செவ்வாய்க்கிழமை அவள் ஒரு புது ஆசை சொன்னாள். டிஸ்ப்ளேயில் தமிழில் வர வேண்டும். அதில் ஆங்கில எழுத்துதான் உண்டு, ஆனால் நாமாக எட்டுக் கட்டத்துக்குப் புள்ளி வைத்து எழுத்து வரைந்துகொள்ளலாம், எட்டு மட்டும்தான். ஒவ்வொரு கட்டமும் குறுக்கே ஐந்து புள்ளி, நெடுக்கே எட்டுப் புள்ளி. எனக்கு அதைக் கேட்டதும் தலை சுற்றியது. அவளுக்குக் குறுக்குத் தையல் தெரியும், தலையணை உறையில் பெயரெல்லாம் தைப்பாள். கட்டம் போட்ட நோட்டை எடுத்துப் பென்சிலால் புள்ளி வைக்க ஆரம்பித்தாள். எட்டுக் கட்டத்துக்குள் இரண்டு வார்த்தை அடங்க வேண்டும். ஒன்று சும்மா இருக்கும்போது, ஒன்று கேஸ் வரும்போது.

சும்மா இருக்கும்போது 'நலம்'. ந-வுக்கு இரண்டு கட்டம், ல-வுக்கு இரண்டு, ம்-க்கு ஒன்று, புள்ளிக்கு மேலே ஒரு வரி விட்டாள். மூன்று கட்டம் மிச்சம். 'ஆபத்து' அடங்கவில்லை. 'கேஸ்' என்று போட்டால் தெளிவாகத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் பென்சிலைக் கடித்துவிட்டு 'ஓடு' என்று எழுதினாள்.

"ஓடுன்னா மிஷினை ஓடுன்னு சொல்ற மாதிரி இருக்கே" என்றேன்.

"கேஸ் வந்தா நாம ஓடணும். அதுக்கு இதைவிட என்ன சொல்ல?"

அவள் வரிசையாகச் சொல்லச் சொல்ல, புள்ளி உள்ள இடத்துக்கு ஒன்று, இல்லாத இடத்துக்கு பூஜ்யம் என்று நான் அடித்தேன். 'நலம்' வந்தது. ந-வின் நடுவில் மட்டும் மெல்லிய இடைவெளி தெரிந்தது. இரண்டு மாதத்துக்குப் பிறகு நாங்கள் இருவரும் ஒரே மேஜையில் ஒரே வேலையைச் செய்தது அன்றைக்குத்தான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

புதன்கிழமை சென்சாரைப் பிடித்தேன், அது என்னைப் பிடித்தது. அதற்குள்ளே ஒரு சின்ன ஹீட்டர் சூடாகிக்கொண்டே இருக்கும், கரண்ட் கொஞ்சம் அதிகமாகக் குடிக்கும். போர்டிலிருந்து கொடுத்தால் டிஸ்ப்ளே மங்கியது. சரி, இது நம்ம வேலை என்று சென்சாருக்குத் தனியாக ஒரு பழைய போன் சார்ஜரிலிருந்து லைன் கொடுத்தேன். போர்டுக்கு ஒரு சார்ஜர், சென்சாருக்கு ஒரு சார்ஜர். இரண்டு லைன், சுத்தமான வயரிங், ஒன்றோடு ஒன்று ஒட்டவில்லை. தள்ளி நின்று பார்த்து நானே மெச்சிக்கொண்டேன்.

எண் வந்தது. தொண்ணூறு. எண்ணூற்று எழுபது. பன்னிரண்டு. நானூறு. நான் விரலை அசைத்தால் அறுநூறு. அவள் நாற்காலியை நகர்த்தினால் ஐம்பது. 'நலம்', 'ஓடு', 'நலம்', 'ஓடு' என்று டிஸ்ப்ளே மாற்றி மாற்றிக் காட்ட, பஸ்ஸர் விட்டு விட்டுக் கத்தியது.

புதன் போனது. வியாழக்கிழமை வேலையில் ஓர் அலுவலகக் கட்டடத்தில் கருகிய லைனைக் கண்டுபிடிக்க மூன்று போர்டைத் திறக்க வேண்டியிருந்தது. அங்கே ஏசி போட்டு ஜன்னலையே அடைத்து வைத்திருக்கிறார்கள், வாசனை எப்படி வரும் என்று எரிச்சலோடு வீட்டுக்கு வந்தேன். மறுபடி உட்கார்ந்தேன். மறுபடி தொண்ணூறு, எண்ணூறு. நான் போட்ட டீ வெறும் சுடுதண்ணீராக இருந்தது. டீத்தூளையும் திட்டினேன்.

"தரை ஒண்ணா இருக்கணும்னு போட்டிருக்கு" என்றாள் அவள், பேப்பரும் கையுமாக.

"என்ன தரை?"

"ஜி-என்-டின்னு போட்டிருக்கிற கால். தரைன்னு அர்த்தம். எத்தனை சார்ஜர் போட்டாலும் எல்லாத்தோட தரையையும் ஒண்ணா சேர்க்கணுமாம். மூணு இடத்துல போட்டிருக்கு."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. நான் தொழில் கற்ற முதல் வருடம், இரண்டு லைனின் நியூட்ரலை ஒன்றாக முறுக்கிவிட்டேன் என்று மேஸ்திரி என் கன்னத்தில் விட்ட அறை இன்னும் எனக்குக் கேட்கும். அதற்குப் பிறகு ஒரு நாளும் நான் அந்தத் தப்பைச் செய்ததில்லை.

"தாயே, ரெண்டு லைனோட நியூட்ரலை ஒண்ணா கட்டினா ஆள் செத்துப்போவான். பேப்பர்ல எவனோ எழுதிட்டான்னு நான் கட்டணுமா?"

"அஞ்சு வோல்ட்ல யாரு சாவாங்க? நீங்கதானே திங்கட்கிழமை சொன்னீங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சமையலறை ஸ்டூலை இழுத்துப்போட்டு அதன்மேல் ஏறி நின்றாள்.

"நான் உங்களைவிட உசரமா?"

"ஸ்டூல்மேல நின்னா யாருதான் உசரம் இல்ல?"

"அப்போ உசரம் பார்க்கணும்னா ரெண்டு பேரும் ஒரே தரையில நிக்கணும் இல்ல? அந்த சென்சார் அது தரையிலேர்ந்து நூறுங்குது. போர்டு அது தரையிலேர்ந்து பார்க்குது. யாரு எவ்வளவு உசரம்னு அது எப்படிக் கண்டுபிடிக்கும்?"

கறுப்பு வயர் ஒன்றை எடுத்தேன். கை கூசியது, உண்மையாகவே கூசியது. இரண்டு தரையையும் ஒன்றாகச் சேர்த்தேன். எண் நூற்றுப் பதினெட்டில் வந்து நின்றது. அசையவில்லை. நான் கையை ஆட்டினேன், நாற்காலியை இழுத்தேன், மேஜையைத் தட்டினேன். நூற்றுப் பதினெட்டு. நலம்.

அவள் ஸ்டூலிலிருந்து இறங்கி அதை இடத்தில் வைத்தாள். "தேங்க்ஸ்" என்று நான் சொல்லியிருக்கலாம். "முந்நூறைத் தாண்டினா 'ஓடு'ன்னு வைக்கலாம்" என்றுதான் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டு வந்தேன். கேஸ் கனம், கீழேதான் இறங்கும் என்று பேப்பர் சொன்னபடி, சென்சாரை சிலிண்டருக்குப் பக்கத்தில் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் சுவரில் பிடித்தேன். டிஸ்ப்ளேயை சமையலறை வாசலில் கண் மட்டத்துக்கு மாட்டினேன். நூற்று இருபது. நலம். அவள் ஹாலில் மைதாவைச் சலித்துக்கொண்டிருந்தாள். இரண்டு மாதமாகக் கட்டாத ஏப்ரனைக் கட்டியிருந்தாள்.

பையிலிருந்து ரெகுலேட்டரை எடுத்து மாட்டித் திறந்தேன். அடுப்பைப் பற்றவைக்கவில்லை. சும்மா பத்து நிமிஷம் பார்த்துவிட்டு அவளைக் கூப்பிடலாம் என்று நினைத்தேன். ஜன்னல் வழியாக தூசு வருகிறதென்று அதையும் சாத்தினேன். நூற்று எழுபது. இருநூற்று முப்பது. முந்நூற்றுப் பத்து. பஸ்ஸர் கத்தியது. 'ஓடு' என்று வந்தது.

குனிந்து சிலிண்டர் பக்கம் முகர்ந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. அடுப்பின் மேலே முகர்ந்தேன். ஒன்றுமில்லை. குழாய் நெடுகிலும் மூக்கை வைத்துக்கொண்டு போனேன். சுத்தமான காற்று. ரெகுலேட்டரை மூடி ஜன்னலைத் திறந்தேன், எண் இறங்கியது. மறுபடி மாட்டித் திறந்து ஜன்னலைச் சாத்தினேன், எண் ஏறியது. ஐந்நூறு. அறுநூறு. காற்றுப் பட்டால் சென்சாரின் சூடு குறையும், அதனால் எண் இறங்கும் என்று ஒரு காரணத்தைக் கண்டுபிடித்தேன். சென்சார் கெட்டது என்று கழற்றி எறிந்துவிட்டு இரண்டாவதை மாட்டினேன். அதுவும் அறுநூறு. ஐந்து நாள். ஐந்து நாளாக ஒரு நகத்தளவு சாமான் என்னைப் படாத பாடு படுத்துகிறது. சுவரை ஓங்கிக் குத்தினேன், விரல் முட்டி தோலுரிந்தது.

"என்ன ஆச்சு?" என்று ஹாலிலிருந்து கேட்டாள். "நிஜமாவே கேஸ் வருதோ என்னவோ. சோப்புத்தண்ணி தடவிப் பாருங்களேன்."

"எனக்கு மூக்கு இருக்கு. மூக்கிருக்கிறவனுக்கு சோப்பு எதுக்கு? ரெண்டு சென்சாரும் ஒரே குப்பைத் தொட்டியிலேர்ந்து வந்தது. கேஸ் வந்தா எனக்குத் தெரியாதா? இருபத்தஞ்சு வருஷமா மோப்பம்னு பேரெடுத்தவன் பொய், இந்தப் பொடிப்பயல் உண்மையா?"

லேப்டாப்பைத் திறந்தேன். முந்நூறு என்று இருந்த இடத்தில் எண்ணூறு என்று அடித்து ஏற்றினேன். பஸ்ஸர் வாயை மூடியது. டிஸ்ப்ளேயில் அறுநூற்று ஐம்பத்தைந்து, பக்கத்தில் 'நலம்' என்று வந்தது. எனக்கு அப்பாடா என்றிருந்தது. துணிப்பை திரும்ப அலமாரிக்குப் போய்விடும் என்பதுதான் என் மனதில் ஓடியது.

"முடிஞ்சுது. வா, ஓவனைப் பத்தவை" என்று கூப்பிட்டேன்.

லைட்டரை எடுத்துக்கொண்டு வந்தாள். முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. வாசலில் நின்று டிஸ்ப்ளேயைப் பார்த்தாள். அவள் வரைந்த எழுத்து. அதைப் பார்த்துச் சிரித்தாள், அப்புறம் பக்கத்தில் இருந்த எண்ணைப் பார்த்தாள்.

"முந்நூறுன்னுதானே வெச்சோம்?"

"மாத்திட்டேன்."

"ஏன்?"

"சும்மா சும்மா கத்துது."

அவள் என்னைப் பார்த்தாள். அப்புறம் லைட்டரை ஏப்ரன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, வந்த வழியே திரும்பி, வாசற்கதவை விரியத் திறந்துவைத்து எதிர் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"அண்ணே, ஒரு நிமிஷம் உங்க மூக்கு வேணும்."

எதிர் வீட்டு பஸ் டிரைவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் ஹாரன். அவர் ரகசியம் சொன்னால் இரண்டு மாடிக்குக் கேட்கும். ஷிஃப்ட் முடிந்து வந்தவர் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். எங்கள் ஹாலில் மூன்று அடி வைத்திருப்பார்.

"யப்பா! கேஸ்! என்னய்யா இது, வீடு பூராவும் கேஸ்! வெளிய வாங்க, முதல்ல வெளிய வாங்க!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கை தானாக எக்ஸாஸ்ட் ஃபேன் சுவிட்ச்சுக்குப் போனது.

"சுவிட்ச்சைத் தொடாதே! பொறி கிளம்பும்யா! நீயெல்லாம் ஒரு எலக்ட்ரீஷியனா?"

அது கட்டடம் முழுக்கக் கேட்டது. கீழ் வீட்டில் யாரோ கதவைத் திறந்து பார்த்தார்கள். ஹாரன் என்னைத் தள்ளிவிட்டு உள்ளே போய், சிலிண்டரை மூடி, ஜன்னலையெல்லாம் திறந்தார். ரெகுலேட்டரைக் கழற்றி சிலிண்டரின் வாய்க்குள் எட்டிப் பார்த்தார்.

"ரப்பர் வாஷர் பிஞ்சு தொங்குது. இது வருஷக்கணக்கா வருமே. எப்படிப் பிஞ்சுது? தினம் தினம் எவனாவது கழட்டி மாட்டுறானா?"

அவள் என் டூல் பையைப் பார்த்தாள்.

"ஏன்யா, எவ்வளவு நேரமா உள்ள இருந்தே?"

"அரை மணி நேரம் இருக்கும்."

"அரை மணி நேரமா? உனக்கு நாத்தமே தெரியலையா?" என்று கேட்டவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்தினார். வேறு சிலிண்டருக்கு போன் பண்ணுவதாகச் சொல்லி எழுந்து போய்விட்டார்.

வீட்டில் கேஸ் கலைய ஒரு மணி நேரம் ஆனது. நான் ஹாலில் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். அவள் சமையலறை அலமாரியிலிருந்து வெனிலா எசன்ஸ் பாட்டிலை எடுத்து வந்தாள்.

"கண்ணை மூடுங்க."

மூடினேன்.

"என்னது இது?"

"இன்னும் திறக்கலையே."

"திறந்து உங்க மூக்குகிட்டதான் வெச்சிருக்கேன்."

கண்ணைத் திறந்தேன். பாட்டில் என் மீசையில் இடித்துக்கொண்டிருந்தது. மூச்சை இழுத்தேன், இன்னொரு தடவை இழுத்தேன். குடிக்கிற தண்ணீரை முகர்ந்தால் எப்படியோ அப்படி இருந்தது.

"தினம் காலையில நீங்க போனதும் நான் இதைத் திறந்து பார்ப்பேன். இன்னிக்கு வருமா, இன்னிக்கு வருமான்னு" என்றாள். எழுந்து போய் பாட்டிலைச் சென்சாருக்குப் பக்கத்தில் காட்டினாள். நூற்று இருபத்தொன்று என்று இருந்த எண் இருநூற்று நாற்பதுக்கு ஏறியது. "பாருங்க, அதுக்கு வருது."

சாலிடர் புகை, சப்பென்ற டீ, திறந்து பார்த்த மூன்று போர்டு, எல்லாம் வரிசையாக வந்தன. எங்கள் இருவருக்கும் ஒரே காய்ச்சல்தான் வந்தது. போனதும் ஒன்றாகத்தான் போயிருக்கிறது. அவள் போனதைப் போனது என்று சொன்னாள். நான் ஈயத்தைத் திட்டினேன், டீத்தூளைத் திட்டினேன், சென்சாரைத் திட்டினேன். எனக்குப் பயமாக இருந்தது. மூக்குப் போன மோப்பத்தை இனி வேலைக்கு யார் கூப்பிடுவார்கள் என்று பயம். அதைவிடப் பெரிய பயம், அவள் அந்த லைட்டரை அழுத்தியிருந்தால்.

"அன்னிக்கு" என்று ஆரம்பித்தேன். "அன்னிக்கு மூக்குல அடிச்சதுன்னு சொன்னேன்ல. அடிக்கல. குமிழ் திறந்திருந்ததைப் பார்த்தேன். அவ்வளவுதான். மிச்சத்தை நானா சேர்த்துக்கிட்டேன்."

அவள் பாட்டிலின் மூடியைத் திருகி இறுக்கினாள். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"ரெண்டு மாசம்" என்றாள். "ரெண்டு மாசம் என்னை அந்த ரூமுக்குள்ள விடல."

"தப்புதான்."

"அந்த ரெகுலேட்டரைக் கொடுங்க."

எடுத்துக் கொடுத்தேன். லைட்டர் இருந்த ஏப்ரன் பாக்கெட்டிலேயே அதையும் போட்டுக்கொண்டாள். "மூக்கில்லாதவங்க அடுப்புப் பக்கம் போகக் கூடாதுன்னு யாரு சட்டம் போட்டது?"

"நான்தான்."

"அப்போ நீங்க வெளிய உக்காருங்க. நான் மூக்கு வாங்கி வெச்சிருக்கேன், எனக்குச் சட்டம் கிடையாது. முதல்ல போய் அந்த எண்ணூறை முந்நூறா மாத்துங்க."

மாற்றினேன்.

சனிக்கிழமை காலையில் புது சிலிண்டர் வந்தது. ரெகுலேட்டரை அவளே மாட்டினாள், வாஷரைச் சுற்றி சோப்புத்தண்ணீர் தடவி குமிழி வருகிறதா என்று பார்த்தாள். வரவில்லை. நான் சமையலறை வாசலில் ஸ்டூலைப் போட்டு டிஸ்ப்ளேக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். உள்ளே போக எனக்கு அனுமதி இல்லை. நூற்றுப் பதினாறு, நூற்றுப் பதினேழு என்று நான் சத்தமாகப் படிக்க, அவள் உள்ளே முட்டையை அடித்துக்கொண்டே "ம்" கொட்டினாள். துணிப்பை இன்னும் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

கேக் ஓவனுக்குள் போய் அரை மணி நேரம் ஆயிற்று. அவள் கதவுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். முன்பெல்லாம் பார்க்கவே மாட்டாள், அடுத்த அறையிலிருந்தே "வெந்துடுச்சு" என்று எழுந்து போவாள். இப்போது அவள் கையில் கடிகாரமும், வெந்ததா என்று குத்திப் பார்க்க ஒரு மூங்கில் குச்சியும் இருந்தன. தோளைப் பார்த்தாலே தெரிந்தது, பயந்துபோயிருந்தாள்.

"சரியா வந்திருக்குமா?" என்று என்னைக் கேட்டாள். என்னைப் போய்க் கேட்டாள்.

டிஸ்ப்ளேயைப் பார்த்தேன். அதற்கும் அது தெரியாது. எட்டுக் கட்டத்தில் அதற்கு இரண்டு வார்த்தைதான்.

அப்போது எதிர் வீட்டிலிருந்து, மூடிய இரண்டு கதவுகளைத் தாண்டி ஹாரன் அடித்தது.

"யம்மா! என்ன கேக்கும்மா அது? வாசனை ஆளைத் தூக்குது! எங்களுக்கும் ஒரு துண்டு வேணும்!"

அவள் கையிலிருந்த குச்சி கீழே விழுந்தது. ஏப்ரனால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து அதை விலக்கி, சிவந்த கண்ணோடு என் பக்கம் திரும்பினாள்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு" என்றேன்.